எல்கேஜி, யூகேஜி வகுப்பில் தமிழ் எழுத்து: நாலு கோடு நோட்டுக்கு முன்னால் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். எல்கேஜி, யூகேஜி இரண்டும் சேர்ந்த வகுப்பு. முப்பதுக்கு மேல் பிள்ளைகள், உதவிக்கு ஒரே ஆயா. தமிழுக்கு ஒரு மணி நேரம். யூகேஜி முடிவதற்குள் 247 எழுத்தும் எழுதத் தெரிய வேண்டும் என்கிறது நிர்வாகம். பெற்றோர் தினமும் நோட்டைத் திறந்து எத்தனை பக்கம் ஆனது என்று பார்க்கிறார்கள். பிள்ளைகளோ இரண்டாவது வரியிலேயே "மிஸ், கை வலிக்குது" என்று அழுகிறார்கள். இதை எப்படிச் சந்தோஷமான வகுப்பாக மாற்றுவது, என்னென்ன விளையாட்டு, இடது கையால் எழுதும் பையனை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருடங்களாக மழலையர் வகுப்பு எடுக்கிறேன். என் பதில் இதுதான்: வரிசையை மாற்றுங்கள். காது முதலில், அப்புறம் வாய், அப்புறம் கண், கை கடைசியில். பெரும்பாலான பள்ளிகளில் இது தலைகீழாக நடக்கிறது. பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த எழுத்து என்ன சத்தம் என்பதைப் பிறகு சொல்லித் தருகிறோம். பிள்ளை 'அ'வை ஐம்பது தடவை எழுதியிருக்கும். 'அம்மா', 'அரிசி', 'அணில்' மூன்றும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறதே என்று ஒரு தடவைகூடக் காதில் வாங்கியிருக்காது. நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. கை வலிக்கிறது என்று அழுகிற பிள்ளை நடிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்கிறது.

இந்த 247 கணக்கை நிர்வாகத்திடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. சரி. ஆனால் அந்த 216இல் ஙி, ஙீ, ஙூ, ஙௌ எல்லாம் அடக்கம். அந்த எழுத்துகள் வரும் ஒரு சொல்லைக் கேட்டால் பெரியவர்களே முழிப்போம். எந்தச் சொல்லிலும் வராத எழுத்தை நான்கு வயதுப் பிள்ளை எழுதிப் பழகுவதில் என்ன லாபம்? அதோடு, தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியதே ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத்தான். எட்டு வயதுக்குள் புரிந்து படிக்க வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. அரசாங்கமே எட்டு வயது வரை பொறுத்திருக்கிறது, நாம் ஏன் ஐந்து வயதுக்குள் முடிக்கத் துடிக்கிறோம்? இந்த ஒரு வாதம் பல தாளாளர்களிடம் எடுபடும்.

இனி விளையாட்டுகள்.

காதிலிருந்து ஆரம்பிக்கலாம். தமிழ் வீடுகளில் ஏற்கெனவே நடக்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. "இட்லி கிட்லி", "தோசை கீசை", "பஸ் கிஸ்" என்று பேசுகிறோம் இல்லையா, அதேதான். சொல்லின் முதல் எழுத்தைக் கழற்றிவிட்டு, குறில் என்றால் 'கி', நெடில் என்றால் 'கீ' மாட்டுகிறோம். மூன்றரை வயதுப் பிள்ளைகூட இதைத் தப்பில்லாமல் செய்யும். சொல்லின் முதல் ஒலியைத் தனியாகப் பிரித்து, வேறொன்றைப் பொருத்துவது என்பது வாசிப்புக்கு அடிப்படையான திறமை. வெளிநாட்டுப் பாடத்திட்டங்களில் இதற்கென்றே தனியாகப் பயிற்சி வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதை வாயில் வைத்துக்கொண்டே பள்ளிக்கு வருகிறார்கள். வட்டமாக உட்கார வைத்து நீங்கள் "மாடு" என்றால் அவர்கள் "கீடு", "பழம்" என்றால் "கிழம்". இரண்டு நிமிடத்தில் வகுப்பு சிரிப்பில் குலுங்கும். "சட்னி" என்று கேட்டுப் பாருங்கள், "கிட்னி" என்று கத்துவார்கள். பிறகு "கிளி" என்று கேளுங்கள். "கிளி கிளி" என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி யோசித்து, "மிஸ், மாறவே இல்ல!" என்பார்கள். 'கிளி' 'கி'யில் ஆரம்பிக்கிறது என்பதை நீங்கள் சொல்லித் தரவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தில் கரும்பலகையில் ஒரே ஒரு 'கி' எழுதிக் காட்டினால் போதும், அன்றைய எழுத்துப் பாடம் முடிந்தது.

அடுத்து, கைதட்டல். சொல்லைத் துண்டு துண்டாகச் சொல்லித் தட்டுவது. இதில் ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். "மரம்" என்று சொல்லித் தட்டச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு தட்டுதான் தட்டுவார்கள்: ம-ரம். நாம் எழுத்தை எண்ணிப் பழகியவர்கள், ம-ர-ம் என்று மூன்று தட்டு எதிர்பார்ப்போம். "தப்பு, மூன்று" என்று திருத்தாதீர்கள். பிள்ளையின் காது சரியாகத்தான் கேட்கிறது. 'ம்' தனியாக ஒலிப்பதில்லை, முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எல்கேஜியில் பிள்ளை தட்டுகிறபடியே விடுங்கள்: பூ ஒன்று, யானை இரண்டு, கத்தரிக்காய் நான்கு. யூகேஜி பாதியில், புள்ளி வைத்த எழுத்தை அறிமுகம் செய்யும்போது, "இந்த எழுத்துக்குத் தட்டு கிடையாது, உதட்டில் விரல் வைக்க வேண்டும்" என்று விதியைச் சேர்க்கலாம். ம (தட்டு), ர (தட்டு), ம் (விரல்). மெய்யெழுத்து என்றால் என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை.

சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் அந்தாட்சரி விளையாட்டைப் பலர் சிபாரிசு செய்வார்கள். இந்த வயதில் அது ஓடாது. "மரம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், 'ம்'மில் ஆரம்பிக்கிற சொல்லுக்கு எங்கே போவது? "ஆடு" என்றால் 'டு'வில் என்ன இருக்கிறது? பெரியவர்கள் விதியை வளைத்துச் சமாளிப்பார்கள், சின்னப் பிள்ளைகள் திணறுவார்கள். அதற்குப் பதில் முதல் ஒலி விளையாட்டே போதும். ஒரு துணிப்பையில் பந்து, பல்குச்சி, பஞ்சு, கரண்டி போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, எது கூட்டத்தில் சேராதது என்று கேட்பது. வாரம் ஒரு பை மாற்றினால் வருடம் முழுக்க ஓடும்.

பாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'நிலா நிலா ஓடி வா', 'கை வீசம்மா கை வீசு', 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: பாட்டைக் கைப்பேசியில் போட்டுவிட்டு ஒதுங்காதீர்கள். நீங்கள் பாடுங்கள், சுருதி போனால் போகட்டும். நடுவில் நிறுத்தி, கடைசிச் சொல்லைப் பிள்ளைகளிடம் விடுங்கள். "மலை மீது ஏறி வா, மல்லிகைப் பூ..." என்று நிறுத்தினால் "கொண்டு வா!" என்று வரும். இசைந்து வருகிற சொல்லை எதிர்பார்க்கக் காது பழகுவதுதான் இங்கே நடக்கிற வேலை.

இப்போது கண்ணுக்கு வரலாம். பிள்ளை முதலில் வாசிக்க விரும்புகிற சொல் 'அணில்' இல்லை, 'ஆடு' இல்லை. தன் பெயர். சுவரில் மாட்டியிருக்கிற சார்ட்டைப் பாருங்கள்: உ என்றால் உரல், ஔ என்றால் ஔவையார், ஃ என்றால் எஃகு. அபார்ட்மென்டில் வளர்கிற பிள்ளைக்கு உரல் எங்கே தெரியும்? எஃகு எனக்கே சட்டென்று கண்ணில் வராது. ஆனால் 'கவின்' என்ற பையனுக்குக் கவின் யார் என்று தெரியும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் அட்டை. பழைய காலண்டர் அட்டை போதும். உள்ளங்கை அளவு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் பெரிய எழுத்து, மூலையில் புகைப்படம். முதல் எழுத்தை மட்டும் சிவப்பில் எழுதுங்கள். காலையில் எல்லா அட்டையும் ஒரு மேசையில் பரப்பியிருக்க வேண்டும். வருகிற பிள்ளை தன் அட்டையைத் தேடி எடுத்து, சன்னலோரம் கட்டியிருக்கிற கயிற்றில் துணி கிளிப் போட்டு மாட்ட வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. கிளிப்பை அழுத்தித் திறப்பது விரலுக்குப் பயிற்சி, பென்சில் பிடிக்கப் போகிற அதே விரல்கள்தான். மேசையில் மிச்சம் இருக்கிற அட்டைகளைப் பார்த்து, "இன்னைக்கு யார் வரல?" என்று கேளுங்கள். அடுத்தவர் பெயரையும் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததும் புகைப்படத்தின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுங்கள். ஓரிரு நாள் தடுமாற்றம், அப்புறம் பழகிவிடும்.

இதில் என்னென்ன வெளியே வரும் தெரியுமா? கவின், கயல், கனிஷ்கா மூவரும் அட்டை மாறி எடுத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். சண்டை நல்லது. "ஏன் மாறிப்போச்சு?" என்று அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "எனக்கும் இது, இவளுக்கும் இது" என்று சிவப்பு எழுத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அன்றைக்கு 'க' மூவருக்கும் சொந்தமாகிவிட்டது. மித்ரன் என்ற பையனுக்கு 'மி' ஒரே எழுத்து. 'ம்' கூட்டல் 'இ' என்று அவனுக்கு இப்போது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தமிழ் எழுத்து அப்படித்தான் இயங்குகிறது, ஒரு எழுத்து ஒரு முழுச் சத்தம். ஆங்கில வகுப்பில் சொல்லித் தருவதுபோல் ஒலிகளை உடைத்து உடைத்து ஒட்ட வைக்கும் முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பிள்ளை குழம்பும். போதாததற்கு நம் 'க' கடலில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. சொல்லோடு சேர்த்துக் கேட்டால் அது பிரச்சினையே இல்லை. தனியாக எடுத்து விளக்கப் போனால்தான் வம்பு.

இன்னொன்று. இன்றைய வகுப்புகளில் ஹரிணி, யாஷிகா, ஜெஸ்வின் என்று பாதிப் பெயர்களில் ஹ, ஷ, ஜ, ஸ வரும். இவை 247க்குள் இல்லை, 'பாடத்தில் இல்லை' என்று ஒதுக்காதீர்கள். ஹரிணிக்கு உலகத்திலேயே முக்கியமான எழுத்து 'ஹ'தான்.

கதைக்குத் தினமும் நேரம் ஒதுக்குங்கள், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கதை சொல்வது வேறு, புத்தகம் வாசித்துக் காட்டுவது வேறு, இரண்டும் வேண்டும். வாசிக்கும்போது புத்தகம் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், உங்கள் விரல் வரியின் கீழ் நகர வேண்டும். இடமிருந்து வலம், முடிந்ததும் அடுத்த வரிக்கு இறங்குவது, பக்கம் புரட்டுவது, சத்தம் படத்திலிருந்து வரவில்லை, இந்தக் கறுப்புக் கோடுகளிலிருந்துதான் வருகிறது என்பது — இதையெல்லாம் நாம் 'தெரிந்திருக்கும்' என்று நினைக்கிறோம். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு இதை யார் காட்டியிருப்பார்கள்? ஒரே புத்தகத்தை வாரம் முழுக்க வாசியுங்கள். உங்களுக்குச் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது. புதன்கிழமை வாக்கில் அடுத்த வரியை அவர்களே சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகளுக்கு 'வாசித்து'க் காட்டும். அதை நிறுத்தாதீர்கள், புத்தகத்தை மட்டும் நேராகத் திருப்பிக் கொடுங்கள்.

புத்தகம் வாங்கப் பணம் இல்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும், அச்சடித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் போடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, ஒரு வரி திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று பார்த்து எடுங்கள். நீதி சொல்கிற கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். அதுவும் கிடைக்கவில்லையா, காக்கா வடை கதையை நீங்களே நான்கு சார்ட்டில் பெரிதாக எழுதிப் படம் வரைந்து கயிறு கோத்துவிடுங்கள். உங்கள் காக்கா கோழி மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிள்ளை படம் வரையட்டும். முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து "இது என்ன, சொல்லு" என்று கேளுங்கள். அது சொல்கிற ஒரு வாக்கியத்தை, சொன்ன மாதிரியே, படத்துக்குக் கீழே அதன் கண் முன்னால் மெதுவாக எழுதுங்கள். பிறகு விரல் வைத்து வாசித்துக் காட்டுங்கள். ஒரு பெண் பச்சைக் கிரேயானால் ஒரு கிறுக்கல், அதற்குள் நான்கு புள்ளி போட்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "எங்க வீட்டுப் பூன கட்டிலுக்கு அடியில குட்டி போட்டுச்சு." அதை அப்படியே எழுதினேன். விரல் வைத்து வாசித்தபோது, தான் பேசியது தாளில் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்து, "இன்னொரு தடவ படி" என்றாள். பிறகு ஆயாவிடம் ஓடினாள். அப்புறம் வாட்ச்மேன் தாத்தாவிடம். அவரும் வாசித்ததும், அவளுக்கு ஒரே ஆச்சரியம்: தான் சொன்னதைத் தாத்தா காதால் கேட்கவே இல்லை, அவருக்கு எப்படித் தெரிந்தது? எழுத்து எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடத்திலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு கேள்வி எழும். 'பூன', 'போட்டுச்சு' என்று பேச்சு வழக்கில் எழுதலாமா, 'பூனை', 'போட்டது' என்று திருத்தி எழுத வேண்டாமா? ஆசிரியர்களே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். என் கட்சி இது: எல்கேஜியில் பிள்ளை சொன்னதை மாற்றக் கூடாது. அது 'போட்டுச்சு' என்று சொல்லி, நீங்கள் 'போட்டது' என்று வாசித்தால், எழுதியிருப்பது அதன் பேச்சு இல்லை என்று ஆகிவிடும், அந்த வித்தையே கெட்டுப்போகும். எழுத்துத் தமிழ் கதைப் புத்தகங்கள் வழியாகத் தினமும் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும். யூகேஜி கடைசியில் பாருங்கள், பிள்ளைகளே "ஒரு ஊரில் ஒரு பூனை இருந்ததாம்" என்று புத்தகத் தமிழில் கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். எங்கே எந்தத் தமிழ் என்பதைக் காது தானே பிரித்துக்கொள்ளும். வீட்டில் தெலுங்கோ, உருதோ, சௌராஷ்டிரமோ, இந்தியோ பேசுகிற பிள்ளை தன் மொழியில் ஒரு சொல் சொன்னால், அதையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை இதையே இன்னும் சுருக்கமாகச் செய்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய ஒரு சொல்லைக் கேட்டு, அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். பேய், முத்தம் மாதிரி, பிள்ளையின் பயமும் பாசமும் கலந்த சொற்கள்தான் ஒரே பார்வையில் மனதில் பதிகின்றன என்று கண்டார். நீங்களும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கிற முதல் சொற்கள் 'அணில்', 'இலை' ஆக இருக்காது. 'ஜேசிபி', 'பூச்சாண்டி', 'தம்பி பாப்பா', 'பரோட்டா' என்றுதான் இருக்கும்.

வெளியே இருக்கிற எழுத்தையும் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். ஆவின் பால் பாக்கெட், சோப்பு உறை, பிஸ்கட் உறை, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை. சுவரில் ஒரு பக்கம் முழுக்க ஒட்டுங்கள். ஆனா ஆவன்னா தெரியாத பிள்ளை 'ஆவின்' என்று வாசிக்கும். ஒரு மூலையில் மளிகைக் கடை வையுங்கள்: காலி டப்பாக்களில் உப்பு, புளி, பருப்பு என்று எழுதி ஒட்டி, ஒரு தராசு, கொஞ்சம் காகிதத் துண்டு, சின்னப் பென்சில். கடைக்காரர் பில் போடுவார், அம்மா சீட்டு எழுதி அனுப்புவார். சீட்டில் வெறும் நெளி கோடுதான் இருக்கும். "என்ன எழுதியிருக்க?" என்று கேட்டால் "ஒரு கிலோ சக்கர" என்று கணீரென்று வாசிப்பார்கள். மாதம் ஒரு தடவை கடையை ஆஸ்பத்திரியாகவோ பஸ்ஸாகவோ மாற்றிவிடுங்கள். டாக்டர் சீட்டு எழுதுவதில் நம் பிள்ளைகள் நிஜ டாக்டர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

கைக்கு வருவோம். நோட்டுக்கு முன்னால் பெரிய அசைவுகள். தரையில் சாக்பீஸால் ஆள் உயர எழுத்து வரைந்து அதன் மேல் நடப்பது, காற்றில் முழுக் கையால் எழுதுவது, ஈரத் துணியால் கரும்பலகையில் எழுதி அது காய்ந்து மறைவதைப் பார்ப்பது, தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதுவது. மணல் நமக்குப் புதிதில்லை, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் தடவித் தடவி வடிவத்தைப் பழகுவார்கள். மரியா மாண்டிசோரி ரோமில் 1907இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த முறை இது; 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் அந்த அம்மையார். சப்பாத்தி மாவு, களிமண் எதுவும் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: எழுத்தின் மேல் புளியங்கொட்டை அடுக்கும் விளையாட்டை எல்கேஜிக்குக் கொடுக்காதீர்கள். ஏதாவது ஒரு மூக்கில் போய்விடும், அன்றைய பாடம் ஆஸ்பத்திரியில்தான் முடியும். பெரிய பாட்டில் மூடிகள் போதும்.

எழுதும் வரிசை வேறு, அகர வரிசை வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டாகச் சொல்ல அ, ஆ, இ, ஈ அழகான வரிசை. எழுத அதுவே கொடுமையான வரிசை. 'அ'வும் 'இ'யும் வளைவும் சுழியுமாக இருக்கிற எழுத்துகள், பென்சில் எடுத்த முதல் வாரத்திலேயே அவற்றைக் கேட்கிறோம். ட, ப, ம, ய என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். 'ட' ஒரு இறக்கம், ஒரு இழுப்பு. அதிலேயே மேலே ஏறினால் 'ப'. ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம் வாசித்துவிடலாம். துணைக்கால் சேர்த்தால் மாமா, பாப்பா. 'ட'வில் தொடங்கும் பழைய தமிழ்ச் சொல் இல்லையே என்று சார்ட் போடுகிறவர்கள் தவிப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தவிப்பு கிடையாது. டீ, டப்பா, டாக்டர், டவுசர் என்று அடுக்குவார்கள்.

உயிர்மெய்க் குறிகள் யூகேஜி இரண்டாம் பாதிக்கு. கால், கொம்பு என்று நாம் வைத்திருக்கிற பெயர்களே பாதி விளையாட்டு. ஒரு பிள்ளை கழுத்தில் 'க' அட்டையோடு நிற்கட்டும். கொம்பு அட்டை வைத்திருக்கிறவன் ஓடிவந்து, பார்க்கிறவர்களுக்கு இடது பக்கமாக, அதன் அருகில் நின்றால் எல்லாரும் 'கெ' என்று கத்த வேண்டும். வலது பக்கம் கால் வந்து சேர்ந்தால் 'கொ'. கொம்பை அனுப்பிவிட்டால் 'கா'. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தமோ பின்னால் வருகிறது. நோட்டில் பிள்ளைகள் தடுமாறுகிற இந்த இடம் ஓடிப்பிடித்து விளையாடினால் இடறுவதில்லை. கு, சு, டு, து மாதிரி உகர எழுத்துகளுக்கு மட்டும் விதி சொல்லப் போகாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுழிக்கும், தனித்தனிப் படமாகப் பழகட்டும். வீட்டில் தாத்தா பாட்டி தும்பிக்கை வைத்த 'லை', 'னை' எழுதிக் காட்டினால் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர்கள் அவர்கள்.

இவ்வளவும் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்பீர்கள். பாட்டும் கதையும் எல்லாருக்கும் சேர்த்து, இருபது நிமிடம். பிறகு நான்கு கூட்டம்: மணல் தட்டு, கடை, புத்தக மூலை, படம் வரைதல். நீங்கள் படக் கூட்டத்தோடு உட்காருங்கள், ஆயா மணல் தட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்ற இரண்டும் தானாக ஓடும். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிள்ளைகளின் வாக்கியம்தான் எழுத முடியும். வாரத்தில் எல்லாருக்கும் ஒரு முறை வந்துவிடும், அது போதும். எல்கேஜியையும் யூகேஜியையும் பிரிக்காதீர்கள், கலந்தே விடுங்கள். பெரியவன் சின்னவனுக்குப் பெயர் அட்டை தேடிக் கொடுப்பதே அவனுக்கு மறுபார்வை. சத்தம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

பெற்றோருக்கு நோட்டுக்குப் பதில் ஏதாவது காட்டியாக வேண்டும், அது நியாயம்தான். பணம் கட்டுகிறார்கள், பயம் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். வாரா வாரம் வரைந்த படமும் வாக்கியமும் தேதி போட்டு அதில் சேரட்டும். ஜூனில் வெறும் கிறுக்கல், அக்டோபரில் பெயரின் முதல் எழுத்து, பிப்ரவரியில் 'அபமா' என்று எழுதி 'அம்மா' என்று வாசிக்கிற தாள். அந்த 'அபமா'வைப் பார்த்துத்தான் பெற்றோர் கலவரப்படுவார்கள். உட்கார வைத்து விளக்குங்கள்: இவன் பார்த்து எழுதவில்லை, காதால் கேட்டு எழுத்தைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறான், 'ம்'முக்குப் பதில் இன்னொரு உதட்டு எழுத்தைப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். வீட்டுப்பாடம் கேட்பவர்களுக்கும் ஒன்று கொடுக்கலாம்: தாத்தாவோ பாட்டியோ ஒரு கதை சொல்லி வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்ப வேண்டும், மறுநாள் வகுப்பில் போடுவோம். தன் பாட்டியின் குரல் வகுப்பில் கேட்கிற நாள் அந்தப் பிள்ளை தரையில் நடக்காது.

கடைசியாக, இடது கைப் பையன். மாற்றாதீர்கள். வீட்டில் சாப்பிட எந்தக் கை என்பது அவர்கள் வழக்கம், எழுதுகிற கை அவன் உடம்போடு வந்தது. பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் முழங்கையோடு நாள் முழுக்க இடித்துக்கொண்டே இருப்பான். தாளைக் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், எழுதியதைக் கையே மறைக்காமல் இருக்கும். பென்சிலை நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிக்கட்டும். தேவைப்பட்டால் அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள். பார்த்து எழுதும் மாதிரியை வரியின் இடது முனையில் மட்டும் போடாமல் வலது முனையிலும் போட்டுக் கொடுங்கள், இடது முனையில் இருப்பதை அவன் கையே மூடிவிடும். மணல் தட்டுக்கும் தரையில் நடப்பதற்கும் எந்த மாற்றமும் வேண்டாம், அங்கே எல்லாரும் ஒன்றுதான்.